எந்த நாற்காலியிலிருந்தும்

தோங்யோங்
2012 ஆகஸ்ட் 19

நாரே அம்மாவுக்கு,

போனில் பேசினால் முதலில் நீ கத்துகிறாய், பிறகு நான் கத்துகிறேன். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் கத்தினால் வார்டிலுள்ள மற்ற அம்மாக்களுக்குக் கேட்காது. பேருந்துப் பார்சலில் வரும் இந்தப் பெட்டியில் நெத்திலிக் கருவாடு இருக்கிறது. பொடி ரகம், நாரே முள் பயமில்லாமல் மெல்லலாம். கிம்ச்சி ஊறுகாய் அடியில். காலி டப்பாக்களைத் திருப்பி அனுப்பும்போது பதிலை அதற்குள் வை.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நம் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். துணைத் தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். மனிதர் சுற்றி வளைக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது.

"தாக் சார், பொண்ணு நடந்துதான் வரணும்னு நான் சொல்லல. சக்கர நாற்காலியிலயே வரட்டும். ஆனா கக்கூஸ்ல உக்காந்தா தானா எழுந்திரிக்கணும். தூக்கிவிட எங்ககிட்ட ஆள் இல்ல. அது மட்டும் வந்துட்டா மார்ச்ல ஒண்ணாங் கிளாஸ்ல சேர்க்கக் கூட்டிட்டு வாங்க, நானே வாசல்ல நிக்கறேன்."

வராவிட்டால் சாங்வோனில் இருக்கும் சிறப்புப் பள்ளிதான். அதாவது நீ அங்கே ஓர் அறையில், நான் இங்கே கிடங்கின் மாடியில். கால் இறுக்கத்தோடு நாரே பிறந்ததிலிருந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இப்படித்தானே இருக்கிறோம். இன்னும் ஆறு வருடம் என்னால் முடியாது. உன்னாலும் முடியாது, சொல்ல மாட்டாய்.

ஆகவே எழுந்திருப்பது. அது ஒன்றுதான் வேண்டும். அங்கே அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் அந்த பியோ சார் என்னடாவென்றால் பந்து பொறுக்கச் சொல்கிறார், படி ஏறச் சொல்கிறார், பக்கவாட்டில் நகரச் சொல்கிறார் என்று நீயே சொன்னாய். சந்தைக்கு வந்தவன் கடை கடையாக எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கிறது. நான் மீன் ஏலக் கூடத்தில் சேர்ந்த புதிதில் ஒரே ரக நெத்திலியைத்தான் ஒரு மாதம் முழுக்க அள்ளினேன். கண்ணை மூடினாலும் கை சொல்லும் வரை அள்ளினேன். அவரிடம் சொல்: மற்றதெல்லாம் அப்புறம். எழுந்திருக்க மட்டும் பழக்கட்டும், காலையிலிருந்து மாலை வரை.

கில்-சூ

* * *

சியோல்
ஆகஸ்ட் 26

நாரே அப்பாவுக்கு,

பெட்டி வந்தது. நெத்திலியில் பாதி வார்டிலேயே தீர்ந்துவிட்டது. பக்கத்துப் படுக்கை கங்-தோவின் அம்மா, "உன் வீட்டுக்காரர் எவ்வளவு வேணா சண்டை போடட்டும்டி, பெட்டி மட்டும் நிக்காம வரட்டும்" என்கிறாள்.

பியோ சாரிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். என் வார்த்தையில் சொன்னேன், உங்கள் வார்த்தையில் இல்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பாயில் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"ஒரே ஸ்டூல்ல உக்காரவெச்சு திரும்பத் திரும்ப எழுப்பினா, சாயங்காலத்துக்குள்ள அழகா எழுந்திரிப்பா. உங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். ஆனா அவ கால் யோசிக்கவே யோசிக்காதும்மா. போன தடவை செஞ்சதையே திருப்பிச் செய்யும், அவ்ளோதான். உயரத்த மாத்தி, நடுவுல பந்து எடுக்கச் சொல்லி, மறக்கவெச்சு எழுப்பினா ஒவ்வொரு தடவையும் புதுசா தேடணும். பாக்க மோசமாத்தான் இருக்கும். ஆனா தங்கும்."

"நிச்சயமா தங்குமா சார்?" என்று கேட்டேன்.

"எழுதித் தர மாட்டேன். சில குழந்தைகளுக்கு முதல்ல ஒண்ணையே செஞ்சாத்தான் பிடிபடும். நாரே அந்தக் கட்டத்தைத் தாண்டிட்டான்னு எனக்குத் தோணுது. தோணுது, அவ்ளோதான்."

அந்தத் 'தோணுது'வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? செப்டம்பர் நடுவில் நம் இரண்டு மாதம் முடிகிறது. மதிப்பீட்டில் முன்னேற்றம் தெரிந்தால்தான் படுக்கையை நீட்டிப்பார்கள். மதிப்பிட வரும் அம்மாள் பயிற்சி அறையிலுள்ள நீல ஸ்டூலில்தான் உட்காரவைப்பாள், கை பிடிக்காமல் எழச் சொல்வாள். பியோ சார் கலந்து கலந்து செய்ய ஆரம்பித்ததிலிருந்து அந்த ஸ்டூலில் நாரே முன்பைவிட மோசம். படுக்கை போனால் அடுத்தது எங்கே? தேகு ஆஸ்பத்திரியில் வசந்தத்தில்தான் பார்க்கலாம் என்கிறார்கள். இஞ்சோனில் இனிமேல் போன் செய்யவே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

எப்போது போகச் சொல்வார்களோ என்று கங்-தோ அம்மா மூட்டை கட்டியபடியேதான் இருப்பாள். அவள் சொல்வது: "நாம இங்க கால் கத்துக்கவா வந்தோம்? பெட்டு போயிடாம இருக்க வந்தோம். அதுக்கு என்ன வேணுமோ அத செய்."

எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். ஆனால் சொல்லிவிட்டு, நாளைக்கு 'நீதானே கூட இருந்தாய்' என்று மட்டும் கேட்கக் கூடாது.

மி-ரான்

* * *

தோங்யோங்
செப்டம்பர் 2

நாரே அம்மாவுக்கு,

நீல ஸ்டூலில் பழக்கு.

பெட்டியைத் திறப்பவன் மேல் வரிசையைத்தான் பார்க்கிறான். அதை வைத்துத்தான் வாங்குவதா வேண்டாமா என்கிறான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. முதலில் விற்கணும், வாடிக்கையாளர் கையில் இருக்கணும், அப்புறம்தான் மற்ற பேச்சு. படுக்கை இல்லாவிட்டால் பியோ சாரின் பந்தும் இல்லை, படியும் இல்லை.

அவருக்கென்று தனியாக விலை உயர்ந்த சிப்பிநத்தை அனுப்பியிருக்கிறேன், இன்று காலை கடலிலிருந்து எடுத்தது. கையில் கொடுத்துச் சொல்: நாரே அப்பா கேட்டுக்கொண்டார், மதிப்பீடு முடியும்வரை அது ஒன்றுதான்.

பழி என் மேல் இருக்கட்டும். எழுதியே கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

கில்-சூ

* * *

சியோல்
செப்டம்பர் 21

நாரே அப்பாவுக்கு,

எழுந்தாள்!

வீடியோவைப் பார்த்திருப்பீர்கள், ஆனாலும் எழுத வேண்டும்போல் இருக்கிறது. அந்த அம்மாள் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நாரே அவள் சொல்வதற்கு முன்பே முன்னால் சாய்ந்து, முழங்காலைத் தள்ளி, நேராக நின்றுவிட்டாள். "அம்மா, கை தட்டு" என்றாள். யாரும் தட்டவில்லையே என்று அவளே தட்டப் போய் விழப் பார்த்தாள். மறுபடியும் செய்யச் சொன்னார்கள். செய்தாள். மறுபடியும். எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி.

அக்டோபர் கடைசி வரை படுக்கை நம்முடையது. கங்-தோ அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனுக்கு நீட்டிப்புக் கிடைக்கவில்லை. நாளைக் காலை காலி செய்கிறார்கள்.

சிப்பிநத்தையை பியோ சார் வாங்கவில்லை, ஆஸ்பத்திரி விதியாம். அதைப் போட்டுக் கஞ்சி வைத்து வார்டே சாப்பிட்டது. அவரும் வாழ்த்துச் சொன்னார். "நீல ஸ்டூல் நல்லா வந்துடுச்சு" என்றார். மற்ற ஸ்டூல்கள் எப்படி என்று நான் கேட்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன், ஒரு நாளாவது இருக்கக் கூடாதா.

சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு வெளியே போக அனுமதி தந்திருக்கிறார்கள். வருகிறோம்.

மி-ரான்

* * *

சியோல்
அக்டோபர் 6

நாரே அப்பாவுக்கு,

பேருந்தில் திரும்பி வரும்போது இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். இப்போதும் எழுதக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு இப்போது வேண்டாம் என்று சொன்னேன். பண்டிகை முடிந்த மறுநாளே போகணுமா என்று கேட்டேன். நீங்கள் அந்த வீடியோவை ஏலக் கூடம் முழுக்கக் காட்டிவிட்டீர்கள், உங்களால் பொறுக்க முடியவில்லை. துணைத் தலைமை ஆசிரியர் விடுமுறையில் இருந்தவர் நமக்காக வந்து கதவைத் திறந்தார்.

அந்தக் கழிப்பறை இருக்கை தாழ்வு, பிடித்து எழும் கம்பி இடது பக்கம். நாரே உட்கார்ந்தாள். முன்னால் சாய்ந்தாள். நீல ஸ்டூலில் எப்படியோ அப்படியே. இடுப்பு மேலே வரவில்லை. அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. அதே மாதிரி மறுபடி சாய்ந்தாள். வேறு மாதிரி முயற்சி செய்து பார்க்கலாம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை, நாம் சொல்லித்தரவில்லையே. கடைசியில் பக்கவாட்டில் சரிந்து சுவரில் இடித்துக்கொண்டாள். அந்த மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நல்லவர்தான். அதனால்தான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

நீங்கள் வண்டியில் வைத்துக் கேட்டது இதுதான்: "அப்போ அந்த ஸ்டூலையும் முதுகுல கட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போவாளா?"

அவள் பின் இருக்கையில்தான் இருந்தாள். அவளுக்குக் கால்தான் இறுக்கம், காது இல்லை.

இங்கே வந்ததும் நேராக நீல ஸ்டூலுக்குப் போகச் சொன்னாள். எழுந்தாள், அழகாக. திரும்பி என்னிடம், "நான் மறக்கலம்மா. அப்பா ஊர் நாற்காலிதான் கெட்ட நாற்காலி" என்றாள்.

உங்கள் செப்டம்பர் 2 கடிதம் என்னிடம் இருக்கிறது. காட்டப்போவதில்லை. அதைச் செய்தது என் கையும்தான்.

மி-ரான்

* * *

தோங்யோங்
அக்டோபர் 13

நாரே அம்மாவுக்கு,

வண்டியில் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது.

நான் சரக்கைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறவன். இருபது வருடமாக ஒருவனும் என்னை ஏமாற்றியதில்லை. இதில் யாரும் ஏமாற்றவில்லை, பியோ சார் முன்கூட்டியே சொன்னார். நானே மேல் வரிசையை அடுக்கினேன், நானே அதைப் பார்த்து மயங்கினேன். இப்படி ஒரு வியாபாரியைப் பார்த்தால் சிரித்திருப்பேன்.

அளவு நாடாவோடு மறுபடி பள்ளிக்குப் போனேன். இருக்கையின் உயரம், கம்பியின் தூரம் எல்லாம் எடுத்தேன். அதே போல ஒன்று செய்து அனுப்பவா என்று பியோ சாரிடம் கேட்டு எழுது. இல்லை, கேட்க வேண்டாம். அவர் என்ன சொல்வார் என்று தெரிகிறது. அதிலும் நன்றாக எழுந்திருப்பாள், பிறகு அதுவும் ஒரு நீல ஸ்டூல் ஆகிவிடும். வகுப்பறை நாற்காலி இருக்கிறது, பேருந்து நிறுத்தப் பலகை இருக்கிறது, எத்தனை செய்து அனுப்புவேன்?

அவர் வழியிலேயே போகட்டும். எவ்வளவு நாள் ஆகும் என்று மட்டும் கேள்.

கில்-சூ

* * *

சியோல்
நவம்பர் 18

நாரே அப்பாவுக்கு,

படுக்கை போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் ஓர் அறை, அடுப்பும் கழிப்பறையும் ஒரே சுவர். வாரத்துக்கு இரண்டு தடவை, அரை அரை மணி நேரம் பியோ சாரிடம் போகிறோம். ஊருக்கே வந்துவிடு என்பீர்கள். வந்தால் அந்த அரை மணியும் போகும்.

எவ்வளவு நாள் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

என்ன செய்யணும் என்று காட்டினார். ஒரே மூச்சில் நிறைய வேண்டாம். காலையில் கொஞ்சம், சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம், எங்கே உட்கார நேர்கிறதோ அங்கே. கட்டில் விளிம்பு, அரிசி வாளி, மாடிப்படி, சலவைக் கடை பெஞ்சு. நடுவில் வேறு ஏதாவது: மூடியைத் திற, துணி மடி. நான் அவள் பாதத்தைச் சரியாக எடுத்து வைக்கவே கூடாதாம். அவளே தேடணும். என் கை தானாகப் போகிறது, இழுத்துக்கொள்கிறேன். பிள்ளை தடுமாறுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க எந்த அம்மாவுக்கு வரும்?

நேற்று வாளியில் எழுந்தாள். இன்று அதே வாளியில் விழுந்தாள். படியில் எழுந்தாள், பெஞ்சில் இல்லை. எந்த நாளும் முந்தின நாளைவிட நல்ல நாள் என்று சொல்ல முடியவில்லை. சலவைக் கடைக்காரி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்மா, கொஞ்சம் கை குடுத்தாத்தான் என்ன, பெத்தவதானே நீ?" என்றாள். நான் அவள் பாதத்தைப் பார்த்தபடியே துணியை மடித்தேன்.

இதில் படம் எடுத்து அனுப்ப ஒன்றும் இல்லை. அனுப்பவில்லை என்று கேட்காதீர்கள்.

மி-ரான்

* * *

தோங்யோங்
டிசம்பர் 16

நாரே அம்மாவுக்கு,

படம் கேட்கவில்லை. கம்பளியும் காய்ந்த கடற்பாசியும் வைத்திருக்கிறேன்.

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். தேகு ஆஸ்பத்திரிக்குப் போனேன், கைகளில் பெட்டிகளோடு. வரிசையில் நம் பெயர் எங்கே நிற்கிறது, கொஞ்சம் முன்னால் தள்ள வழியுண்டா என்று பதிவு மேசைப் பெண்ணிடம் கேட்டேன். சின்னப் பெண், முகத்தில் களைப்பு. பெட்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஐயா, போன வாரம் ஒருத்தர் பேரிக்காய் கொண்டுவந்தார். அதுக்கு முன்னால ஒருத்தர் மாட்டிறைச்சி. எங்க வரிசையில நிக்கற எல்லா அப்பாவும் எதையாவது விக்கறவங்கதான். எடுத்துட்டுப் போங்க, பிள்ளைக்குக் குடுங்க."

திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எனக்கு அதுதான் வரும். அவள் எழுந்து பெட்டியைத் தூக்கி என் கையில் வைத்தாள். வண்டிக்கு வந்து பெட்டிகளைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

எந்தச் சரக்குக்கும் ஒரு தேதி இருக்கும். இன்றைக்குப் பிடித்தான், இத்தனை நாள் காயும், இந்த வாரம் போய்ச் சேரும். புயல் வந்தால்கூடத் தள்ளிப்போன தேதி ஒன்று இருக்கும். எனக்கு ஒரு தேதி கொடு என்று யாரைக் கேட்பது? நாரேயின் கால்களையா?

போனில் அவளை ஒரு தடவை பேசச் சொல். கால் பற்றிக் கேட்க மாட்டேன்.

கில்-சூ

* * *

சியோல்
2013 பிப்ரவரி 20

நாரே அப்பாவுக்கு,

சந்திரப் புத்தாண்டுக்கு நாங்கள் வந்தபோது உங்களைக் கவனித்தேன். வீட்டுக் கழிப்பறையில் அவள் எழுந்ததையும் பார்த்தீர்கள், அடுத்த தடவை எழ முடியாமல் என்னைக் கூப்பிட்டதையும் பார்த்தீர்கள். எழுந்தபோதும் கை தட்டவில்லை, விழுந்தபோதும் முகம் சுளிக்கவில்லை. கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இப்போது இப்படி இருக்கிறது. எங்கே உட்காரவைத்தாலும் பாதிக்குப் பாதி எழுகிறாள். அழகாக இல்லை. ஒரு நாள் சுவரை உந்தி, ஒரு நாள் உடம்பைத் திருப்பி, ஒரு நாள் என்ன செய்கிறாள் என்றே தெரியாமல். பொதுக் குளியலறையில், வழுக்கும் அந்தக் குட்டை ஸ்டூலில், முதல் தடவையே எழுந்தாள். யாரும் சொல்லித்தராத ஒரு மாதிரி. பியோ சாரிடம் சொன்னதும் திரும்பி நின்றுகொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

ஆனால் பாதி போதாதே. பள்ளிக்கூடத்தில் அவளை எழவைத்துப் பார்க்க 27ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு எந்தப் பாதி வரும்?

இது மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். தேகுவிலிருந்து நேற்று போன் வந்தது. படுக்கை காலியாகிறது. மார்ச் 4 முதல் இரண்டு மாதம், தினமும் காலையும் மாலையும். பள்ளிக்கூடம் திறப்பதும் அன்றைக்குத்தான். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்லணும். இல்லை என்றால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போகும், மறுபடி வர ஒன்றரை வருடம் ஆகும் என்றாள் பதிவு மேசைப் பெண். வெடுக்கென்று சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

அங்கே எப்படிப் பழக்குவீர்கள் என்று கேட்டேன். அட்டவணை ஒன்றுதானாம், எல்லாக் குழந்தைக்கும் அதே ஸ்டூல், அதே வரிசை, முதல் நாளும் கடைசி நாளும் மதிப்பீடு. போனால் இவள் தேடுவதை விட்டுவிட்டு மறுபடி அச்சு வார்க்க ஆரம்பிப்பாளோ என்று பயம். போகாவிட்டால் தினமும் தசையை இழுத்துவிட ஆள் இல்லை. குதிகால் இப்போதே தரையைத் தொட யோசிக்கிறது, கால் வளர்கிற வேகத்துக்குத் தசை வளரவில்லை. அது முற்றினால் எந்தப் பழக்கமும் உதவாது, அறுவைதான்.

பியோ சாரைக் கேட்டேன். "எனக்குப் பிள்ளை இருந்து, அது நாரேயா இருந்தா..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். "தெரியலம்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, அதனால் என்னால் அழ முடியவில்லை.

சொல்லுங்கள். இந்தத் தடவை பின்னால் குறை சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்ல மாட்டீர்கள். வெள்ளி, ஆறு மணி.

மி-ரான்

* * *

தோங்யோங்
பிப்ரவரி 22, வெள்ளி

நாரே அம்மாவுக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலையே வந்துவிட்டது. வரவில்லை என்று பொய் சொல்லலாம், சொல்லவில்லை.

நேற்று முழுக்க ஒரு பக்கம் தேகு, ஒரு பக்கம் பள்ளிக்கூடம் என்று வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். தேகு என்று முடிவு செய்து பல் துலக்கப் போனேன், வாய் கொப்பளிப்பதற்குள் பள்ளிக்கூடம் என்று ஆகிவிட்டது. இன்று காலை ஏலத்தில் கை தூக்கவே இல்லை. நல்ல சரக்கு கண் எதிரே வேறு ஆளுக்குப் போனது. "என்ன தாக் சார், கை சுளுக்கா?" என்று பக்கத்தில் நின்றவன் கேட்டான். ஆமாம் என்றேன்.

மதியம் உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்தாய். பின்னால் நாரே யாரிடமோ, "தொடாதீங்க, நானே" என்று சொல்வது கேட்டது. நீ என்னிடம் "இருங்க" என்றாய். நான் வைத்துவிட்டேன். அந்த 'நானே'வைக் கேட்டுவிட்டுத் தேகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் குதிகாலை நினைத்தால் பள்ளிக்கூடம் என்று சொல்லவும் வரவில்லை.

இதை எழுதி முடிக்கும்போது மூன்று மணிப் பேருந்து போய்விட்டது. அடுத்ததில் வைத்தால் உன் கைக்கு வர எட்டு ஆகும். அதற்குள் நீ தேகுக்காரர்களிடம் ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பாய். எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுவிட்டேன் என்று நீ சொன்னால் அது உண்மைதான். போனை மறுபடி எடுத்தேன். எண்ணை அழுத்தாமலே கீழே வைத்தேன்.

நாளை காலை வண்டியோடு வருகிறேன். அறையைக் காலி செய்து எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம். நாரேயை நான் தூக்கி உட்காரவைக்க மாட்டேன், அவள் எவ்வளவு நேரம் எடுத்தாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீயும் ஏறி உட்கார்ந்த பிறகு சொல், தேகுவா ஊரா, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று.

கில்-சூ